டயர் ஏன் வலப்பக்கம் தேய்கிறது?

நம்மூர் பைக்குகளின் முன் டயரைக் குனிந்து பார்த்தால், பலவற்றில் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் கேட்டால், "ரோடு சரிவுங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை மேடாகவும் ஓரங்களைத் தாழ்வாகவும் போடுகிறார்கள். நாம் இடது ஓரம் போகிறவர்கள். எனவே மேட்டுப்பக்கம் இருக்கும் வலது பாதி அதிகம் உரசுகிறது என்பது வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை. தார்ச்சாலையின் சரிவு சுமார் 2 சதவீதம், அதாவது ஒரு டிகிரியைச் சற்றே தாண்டும். உருண்டையான பைக் டயர் தரையைத் தொடும் இடத்தை அது நகர்த்துவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

பெரிய காரணம் திருப்பங்களில் இருக்கிறது. நாற்சந்தியில் இடப்பக்கம் திரும்புகிறவர் ஓரத்தை ஒட்டிச் சட்டென்று வளைந்துவிடுகிறார். வலப்பக்கம் திரும்புகிறவரோ சந்திப்பு முழுவதையும் அகலமாகக் கடக்க வேண்டும். இரண்டுமே 90 டிகிரி திருப்பம்தான். ஆனால் வலது திருப்பத்தில் வண்டி சாய்ந்தபடி ஓடும் தூரம் அதிகம், வேகமும் பெரும்பாலும் அதிகம். ரவுண்டானாவிலும் கடிகாரச் சுற்றாக, வலப்பக்கம் சாய்ந்துதான் போகிறோம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் கதை தலைகீழ்: அங்கே பைக்குக்காரர்கள் இடப்பக்கத் தேய்மானத்தைப் பற்றிப் புலம்புகிறார்கள். ஆக, வலப்பக்கம் இலேசாகக் கூடுதல் தேய்மானம் இருந்தால் அது நோயே அல்ல.

நோய் எது? பின் டயரின் நடுப்பகுதி பட்டையாகத் தேய்ந்திருந்தால், வண்டி நெடுஞ்சாலையில் நேராகவே ஓடியிருக்கிறது, அல்லது காற்று அதிகம். முன் டயரில் கையை வைத்துத் தடவும்போது பள்ளமும் மேடுமாக அலையலையாக நெருடினால், ஃபோர்க்கில் ஆயில் போயிருக்கலாம், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்) தளர்ந்திருக்கலாம், காற்று குறைவாக ஓடியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகி மறுபக்கம் புதிது போல இருந்தாலும் கவலைப்பட வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் பெரும்பாலும் அதனோடு சேர்ந்தே வரும்.

இழுப்பதற்கான இயற்பியல் எளிது. அடி குறுகலான டம்ளரை மேசையில் உருட்டிவிடுங்கள். நேராகப் போகாது, குறுகிய பக்கம் நோக்கி வளையும். ஒரு பக்கம் தேய்ந்த டயரில் அந்தப் பக்கத்துச் சுற்றளவு குறைந்துவிடுவதால், அதுவும் அப்படியே திரும்பப் பார்க்கிறது. இங்கேதான் சிக்கல். தேய்ந்ததால் இழுக்கிறதா, வேறு கோளாறால் இழுத்ததில் தேய்ந்ததா? புது டயர் போட்டதும் இழுப்பு நின்று, சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே பக்கம் மறுபடி தேய்ந்தால், கோளாறு டயரில் இல்லை.

ஒரு பக்கம் தேய எடையும் ஒரு காரணம். பின்னால் இரு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்தவராலோ, ஒரு பக்கம் மட்டும் மாட்டிய பால் கேனாலோ மொத்த எடையின் மையம் 2 செ.மீ. இடப்பக்கம் நகர்ந்தால், சமன் செய்ய வண்டி வலப்பக்கம் ஒன்றரை டிகிரி வரை சாய்ந்து ஓட வேண்டியிருக்கும். எல்லோரும் பழி போடும் சாலைச் சரிவைவிட இது அதிகம்! வெஸ்பாவின் வழிவந்த பழைய பஜாஜ் சேத்தக்கில் எஞ்சினே வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. 1946-இல் வெளிவந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். எஞ்சினைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்துச் செயினையே ஒழித்தவர்.

செயின் உள்ள வண்டியில் அதிகம் நடக்கும் தவறு, செயின் டைட் வைக்கும்போதுதான் நேர்கிறது. பின் சக்கரத்தின் இருபுறமும் உள்ள அட்ஜஸ்டர் நட்டுகளில் ஒன்றை மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இழுத்துவிட்டால், சக்கரம் கோணலாகிறது. ஒரு சாதாரண 100 சிசி வண்டியின் நீளத்துக்கு, முன் சக்கரத்தை எட்டும்போது அந்தக் கோணல் 6 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோட்டுக் குறிகளை முழுதாக நம்ப வேண்டாம்.

நம்ப வேண்டியது நைலான் நூலை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரின் பின்புறம் நூலைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருபுறமும் முன்னோக்கி இழுத்துப் பிடியுங்கள். பின் டயரின் முன் விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பின்னே 3.00, முன்னே 2.75 அளவு டயர் என்றால், முன் டயரின் இருபுறமும் சுமார் 3 மி.மீ. இடைவெளி சமமாகத் தெரியும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகி நின்றால் சக்கரம் கோணல்.

கோன் செட்டைச் சோதிக்க, ஒருவரைப் பின் சீட்டை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்று கையில் தட்டினால் தளர்வு. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் சிக்கி நின்றால், பேரிங் குண்டுகள் உருளும் ரேஸில் பள்ளம் விழுந்துவிட்டது. டைட் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஓடும் வண்டியில் கையை விட்டு இழுப்பைச் சோதிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பு, காலையில் வண்டி எடுக்கும்போதே காற்றைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீரலாம். டயர் மாற்றும் நாளில் பழையதைக் கடையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் பக்கம் வலது என்று சாக்பீஸால் குறித்து, மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.