வெயிலோடு போட்டியிட்ட சோடா

பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916-இல் விருதுநகரில் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். குளிர்பானத்துக்கு அந்த ஊரைப் போன்ற சந்தை அமைவது கடினம். அதைத் தயாரிக்க அந்த ஊரைப் போன்ற சோதனையான இடமும் குறைவு. இரண்டுக்கும் காரணம் வெயில்.

சர்க்கரை சுடுதண்ணீரில் நன்றாகக் கரையும். கரியமில வாயு நேர்மாறு. சூடு ஏற ஏறத் தண்ணீரைவிட்டு ஓடும். சாதாரணக் காற்றழுத்தத்தில், உறையும் நிலையிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் வாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூடத் தங்காது. ஆகவேதான் ஆலையில் தண்ணீரைக் குளிரவைத்து, அழுத்தம் கொடுத்து வாயுவை ஏற்றி, அது தப்புமுன் பாட்டிலை மூடுகிறார்கள்.

அந்த மூடும் வேலைக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற வழியை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. நாம் கோலி சோடா என்று குடிப்பது அவருடைய பாட்டிலில்தான். தலைகீழாகப் பிடித்து நிரப்பும்போது கோலி வாய்ப்பக்கம் உருண்டு ரப்பர் வளையத்தில் உட்காரும். நிமிர்த்தினாலும் விழாது, உள்ளிருக்கும் வாயுவே அதை மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கும். வெளியேறத் துடிக்கும் வாயுவுக்கே கதவைக் காக்கும் வேலை!

பாட்டிலில் பெரும் எடை தண்ணீரும் கண்ணாடியும்தான். நெடுந்தூரம் ஏற்றிப்போனால் கட்டாது. காலி பாட்டிலும் திரும்பி வரவேண்டும். எனவே குடிப்பவர் இருக்கும் ஊர்ப்பக்கமே ஆலையும் வேண்டும். பழனியப்ப நாடாரின் குடும்பத்தார் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆலை வைத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்கிறேன். 1950களின் இறுதியில் திராட்சைச் சுவையோடு காளிமார்க்கின் பொவண்டோ என்ற பானம் வந்தது.

1977-இல் இந்தியாவைவிட்டுப் போன கோக்க கோலா 1993-இல் திரும்பியபோது தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாம் அதன் கைக்குப் போயின. காளிமார்க் போகவில்லை. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது பலரும் கேட்டு வாங்கியது பொவண்டோவைத்தான். நூறாண்டு தாண்டிய உள்ளூர்த் தொழிலுக்கு அது நியாயமாகச் சேரவேண்டிய மரியாதை.

வெயிலோடு உள்ள வழக்கு மட்டும் முடியவில்லை. கண்ணாடிபோல் அல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலின் சுவர் வழியாகவே வாயு மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் வேகமாக. சிறிய பாட்டிலில் பானத்தின் அளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம். அதனால் கடை வாசலில் வெயில்படத் தொங்கும் சின்ன பாட்டில்தான் முதலில் காரம் இழக்கும். நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.