பழைய குவாலிஸ் வாங்கலாமா? பார்க்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

குலதெய்வம் கோயில், சொந்தத்தில் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று எட்டுப் பேர் சேர்ந்து கிளம்பும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. புது ஏழு சீட்டர் வாங்க எல்லோராலும் முடிவதில்லை. அவர்கள் பார்வை பழைய டீசல் வண்டிகள் மேல் போகிறது: குவாலிஸ், டவேரா, சுமோ, பொலேரோ. விலை குறைவு என்று அவசரப்பட்டு வாங்கி, பிறகு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் மாட்டாமல் தப்பலாம். இன்ஜினைச் செய்துவிடலாம், துருப்பிடித்த சேஸியையும் சிக்கலான பேப்பரையும் செய்ய முடியாது.

ஏன் குவாலிஸ்?

இந்தியாவில் டொயோட்டா பெயரில் முதலில் வந்த பயணிகள் கார் இது. 2000இல் வந்தது, 2005இல் இன்னோவா வந்ததும் தயாரிப்பு நின்றது. அதனால் இன்று கிடைக்கும் எந்த குவாலிஸும் இருபது வயதை ஒட்டியது அல்லது தாண்டியது. இருந்தும் ஓடுவதற்குக் காரணம் அதன் எளிமை. 2.4 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு டீசல் கொடுப்பது முழுக்க மெக்கானிக்கல் பம்ப். இன்னோவாவில் இருப்பது கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில். அதில் இன்ஜெக்டர் பழுதானால் செலவு பெரியது, ஸ்கேனர் இல்லாமல் கைவைக்கவும் முடியாது. குவாலிஸில் பம்பையும் நாசிலையும் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்தால், பெஞ்சில் மாட்டி அளவு பார்த்துச் சரிசெய்து தருவார்கள். நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் பேப்பர்

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தது எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். 20 ஆண்டு தாண்டிய கார் வகை வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும் சேரும். பதிவு முடியும் தறுவாயில் இருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பைனான்ஸ் பாக்கி இருந்ததா, எச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு, இன்சூரன்ஸ் விவரங்கள் தெரியும். முன்பு டி போர்டாக ஓடி ஓன் போர்டாக மாறிய வண்டி என்றால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

வெளிமாநில வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்ட பிறகு, அந்தப் பக்கத்து வண்டிகள் மலிவாக மற்ற மாநிலங்களுக்குப் போகத் தொடங்கின. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, புது எண் வாங்கி முடிப்பதற்குள் மலிவு மறைந்துவிடும்.

பணம் கொடுக்கும் அன்றே பாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில்தான் பொறுப்பு விழும். விற்றவருக்கும் இது ஆபத்து என்பதைச் சொன்னால் அவரும் ஒத்துழைப்பார்.

அடுத்து அடிப்பாகம்

புது பெயின்ட் அடித்த வண்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள். தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டுநர் காலடி, பின்சக்கரத்துக்கு மேல்பகுதி, கதவின் கீழ் விளிம்பு ஆகியவை முதலில் அரிக்கும் இடங்கள். பிறகு வண்டியைப் பிட்டில் ஏற்றி, சேஸி நெடுக ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், துகள் உதிரும். பின்பக்க லீஃப் பட்டை சேஸியோடு சேரும் இடத்தில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பிறகு இன்ஜின்

வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். டீசல் இன்ஜினின் நோய் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும்.

புகையின் நிறம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கறுப்புப் புகைக்கு நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் காரணமாகலாம், சரிசெய்யலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரெஷன் குறைவோ ஹெட் கேஸ்கெட்டோ காரணமாக இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பயமில்லை. புகை குப்குப்பென்று அடித்தால் பேக் கம்ப்ரெஷன். இன்ஜின் இறக்கும் செலவை விலையில் கழியுங்கள். கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம் உண்மைக்கு இன்னும் நெருக்கமான சாட்சி.

வாங்கிய பிறகு: செலவின் வரிசை

ஏ.சி., சீட் கவர், பெயின்ட் எல்லாம் கடைசி. முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், அழகு அதற்கும் பிறகு.

பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், பிரேக் ஆயில், ஸ்டீயரிங் ஜாயின்ட்கள் முதல் வரிசை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயரை மாற்றுங்கள்.

இரண்டாவது, டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், டென்ஷனரோடு சேர்த்து உடனே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது ஹெட் வேலையில் போய் நிற்கும். இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் இதே வாரத்தில் மாற்ற வேண்டியவை.

பல மாதம் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய டீசலை இறக்கி டேங்க்கைக் கழுவுங்கள். அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், அது பம்பைக் கெடுக்கும். பிறகு பம்பின் கட்-ஆஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை சிறிது சிறிதாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் மேலே ஏறிய பிறகே இன்ஜின் பற்றட்டும். ஸ்டார்ட் ஆகி அணைந்துபோனால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் கசிவு அதற்கு முன்னால்தான். பத்து ரூபாய் வாஷரில் தீரும் வேலைக்கு பம்பைக் கழற்றச் சொல்பவரிடமிருந்து இந்த டியூப் காப்பாற்றும்.

யாருக்கு ஏற்றது?

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். விலையில் பாதி அளவுக்காவது முதல் ஆண்டு வேலைகளுக்கு ஒதுக்குங்கள். ஏர்பேக் போன்ற இன்றைய பாதுகாப்பு வசதிகள் இதில் கிடையாது. தினமும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது வேண்டாம். மாதத்தில் சில முறை, குடும்பமாக, நிதானமாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருத்தமான வண்டி. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை வண்டி தேடுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். வாங்கப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி, இந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் மிக லாபமான செலவு.