காக்கியும் தோலும்

மோட்டார் சைக்கிள் போலீஸ் என்றால் அமெரிக்கப் படங்களில் கறுப்புத் தோல் ஜாக்கெட். திருவண்ணாமலை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் பந்தோபஸ்து பார்ப்பது நடக்கிற காரியமா? 1955-இல் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யும் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. காவலருக்குப் புல்லட் வந்தது, ஜாக்கெட் வரவில்லை. தோல், பெல்ட்டோடும் பூட்ஸோடும் நின்றுகொண்டது.

தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் முடிப்பது தென்னாட்டின் பழைய பதனிடும் முறை. அப்படிப்பட்ட பழைய பெல்ட் கிடைத்தால் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். நம் வீடுகளில் கை முதலில் அதற்குத்தான் போகும். எண்ணெய் சிக்கேறும், கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பித்தளைப் பக்கிளைச் சுற்றிப் படியும் பச்சை, செம்பும் தோலிலுள்ள கொழுப்பும் சேர்ந்து உண்டாவது. மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். வெடித்த தோல் மட்டும் பழையபடி ஆகாது.