படிக்காமலே மதிப்பெண் போடும் இயந்திரம்

1912இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரு விஷமமான வேலை செய்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிய இரண்டு ஆங்கில விடைத்தாள்களை நகலெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, திருத்தித் தரச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தினார்கள். ஒரு தாளுக்குக் குறைந்தபட்சம் 64, அதிகபட்சம் 98. இன்னொன்றுக்கு 50 முதல் 97 வரை. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொன்னதும், அடுத்த ஆண்டு ஜியோமெட்ரி தாளை அனுப்பினார்கள். அதில் இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

ஜியோமெட்ரி தப்பித்துக்கொண்டது, படிக்குப் படி மதிப்பெண் என்று பிரித்துவிடலாம். கட்டுரையை எப்படிப் பிரிப்பது? 1961இல் ஈ.டி.எஸ். என்ற அமெரிக்கத் தேர்வு நிறுவனத்தில் பால் டீடரிக்கும் சகாக்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆங்கில ஆசிரியர்கள் மட்டுமல்ல, வக்கீல்கள், விஞ்ஞானிகள், பத்திரிகை ஆசிரியர்கள், வியாபார நிர்வாகிகள் எல்லாரும் அந்த 53 பேரில் உண்டு. எதைப் பார்த்துப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்பது தரங்களாகப் பிரியுங்கள், போதும் என்றார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் பெற்றன. அதாவது ஒரே கட்டுரை யாரோ ஒருவருக்கு ஆக மோசம், வேறொருவருக்கு ஆகச் சிறப்பு. ஐந்துக்குக் குறைவான தரங்களோடு முடிந்த கட்டுரை ஒன்றுகூட இல்லை. ஆராய்ந்து பார்த்ததில் திருத்தியவர்கள் ஐந்து கட்சிகளாகப் பிரிந்தார்கள். கருத்து, இலக்கணமும் எழுத்துப்பிழையும், கட்டுக்கோப்பு, சொல்லாட்சி, எழுதியவரின் தனிச்சுவை என்று ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பிடிமானம்.

வகுப்பறையில் இது பெரிய ஆபத்தில்லை. ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும், போன மாதம் எப்படி எழுதினான் என்பதும் தெரியும், ஓரத்தில் இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் பொதுத்தேர்வில் அது நடக்காது. அங்கே தேர்வு நடத்துகிறவர்கள் கண்டுபிடித்த வழி, திருத்துகிறவர்களைப் பழக்குவது. முதலில் மாதிரிக் கட்டுரைகளைக் காட்டி ‘இது 6, இது 4, இது 2’ என்று மனதில் பதிய வைப்பார்கள். பிறகு பயிற்சித் தாள்கள். தனி வழியில் போகிறவரைத் திரும்பவும் உட்காரவைத்துப் பழக்குவார்கள். அதன்பின் உண்மையான தாள்கள் வரும். பிழைகளை எண்ணாமல் ஒரே மூச்சில் படித்து, மனதில் பட்டதை ஓர் எண்ணாகப் போட வேண்டும். ஒரு தாளுக்கு இரண்டு மூன்று நிமிடம். இருவர் போட்ட எண்கள் ரொம்ப விலகினால் மூன்றாமவர் பார்ப்பார். ஒற்றுமை வந்தது. ஆனால் அது பழக்கிக் கொண்டுவந்த ஒற்றுமை. இயந்திரம் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

எல்லிஸ் பேஜ் ஒருகாலத்தில் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1960களில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கட்டுரைகளைக் கம்ப்யூட்டரால் திருத்த முடியும் என்று கிளம்பினார். அது துளையட்டைகளின் காலம்; கம்ப்யூட்டருக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியாது. புரிய வேண்டியதில்லை என்பதுதான் பேஜின் யோசனை. நல்ல எழுத்தின் உள்குணங்களை நேரடியாக அளக்க முடியாவிட்டால், அவற்றோடு சேர்ந்து வரும் வெளி அடையாளங்களை எண்ணலாம். எத்தனை சொற்கள், சொல்லின் சராசரி நீளம் என்ன, காற்புள்ளிகள் எத்தனை, அபூர்வமான சொற்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஓட்டல் வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணி உள்ளே சாப்பாடு எப்படி என்று சொல்கிற மாதிரி. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மனிதர்கள் திருத்திய கட்டுரைகளைக் கொடுத்து, எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை போட்டால் அவர்கள் போட்ட மதிப்பெண் கிடைக்கும் என்று கணக்கிட்டார். 1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இயந்திரம் திருத்தும் காலம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அறிவித்தது.

அந்த அடையாளங்களில் எனக்குப் பிடித்தது நீளம். பேஜின் முறையில் சொல் எண்ணிக்கையை அப்படியே எடுப்பதில்லை, அதன் வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம் எடுப்பார்கள். 81 சொல்லுக்கு 3, 256 சொல்லுக்கு 4, 625 சொல்லுக்கு 5. மூன்றிலிருந்து நான்குக்கு ஏற 175 சொல் போதும். அடுத்த படி ஏற 369 சொல் தேவை. நீட்டினால் லாபம் உண்டு, ஆனால் நீட்ட நீட்டக் குறைந்துகொண்டே வரும். பக்கத்தை முழம் போட்டு மதிப்பெண் தருகிறார்கள் என்று நம் பள்ளிகளில் முணுமுணுப்பார்களே, அதற்கு இதைவிட நாசூக்கான சூத்திரம் கிடைக்காது.

1999இல் ஈ.டி.எஸ்.ஸின் ‘ஈ-ரேட்டர்’ மென்பொருள், மேலாண்மைப் படிப்புக்கான ஜீமேட் தேர்வில் இரண்டாவது திருத்துநராக உட்கார்ந்தது. பின்னால் பட்டமேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கும் வந்தது. அங்கே மனிதர் போட்ட எண்ணை அது சரிபார்க்கும். இரண்டும் விலகினால் இன்னொரு மனிதரைக் கூப்பிடுவார்கள்.

வண்டிகளை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் ஓட்டல்காரர் என்ன செய்வார்? எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சி நடத்திவந்த லெஸ் பெரல்மன் செய்து காட்டினார். 2005இல் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் கட்டுரை சேர்க்கப்பட்டபோது, மாதிரித் தாள்களை எட்ட நின்று நீளத்தை மட்டும் பார்த்தே மதிப்பெண்ணைச் சொல்லிவிட முடிகிறது என்று அவர் கண்டார். அத்தனையும் மனிதர்கள் திருத்தியவை என்பதைக் கவனியுங்கள். 2014இல் மாணவர்களோடு சேர்ந்து ‘பேபல்’ என்ற நிரலை எழுதினார். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் அது நொடியில் ஒரு கட்டுரை தரும். அபூர்வச் சொற்கள், நீண்ட வாக்கியங்கள், ஒழுங்கான பத்திகள் எல்லாம் இருக்கும். பொருள் மட்டும் துளியும் இருக்காது. ஜி.ஆர்.இ.யின் இணையப் பயிற்சித் தளத்தில் ஈ-ரேட்டர் அவற்றுக்கு முழு மதிப்பெண்ணான 6 வரை போட்டது. பிறகு ஈ.டி.எஸ். ஆய்வாளர்கள் பேபல் கட்டுரைகளை அடையாளம் காணத் தனியே ஒரு வழி தேட வேண்டியதாயிற்று.

டெக்சஸ் மாநிலம் 2024இல் தன் பள்ளித் தேர்வுகளின் எழுத்து விடைகளை இயந்திரத்திடம் கொடுத்தது. அதுவும் மனிதர்கள் திருத்திய தாள்களிலிருந்தே கற்றுக்கொண்டது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மனிதர்கள் மறுபடி படிப்பார்கள். இயந்திரத்துக்குத் தன் எண்ணில் நம்பிக்கை குறையும் தாள்களும், கொச்சைமொழியோ ஆங்கிலமல்லாத சொற்களோ நிறைய வரும் தாள்களும் அவர்களுக்குத்தான் போகும்.