காறை எலும்பு முறிவு: அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவையா?

மார்பெலும்பையும் தோள்பட்டையையும் இணைக்கும் காறை எலும்பு, பைக்கிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தோள் மோத விழும்போது எளிதில் முறியக்கூடியது. பத்தில் ஏழெட்டு முறிவுகள் அதன் நடுப்பகுதியில்தான் நேர்கின்றன. முறிந்த முனைகள் அதிகம் விலகாதிருந்தால் அறுவை சிகிச்சை பொதுவாகத் தேவைப்படாது. குழந்தைகளுக்கு முனைகள் விலகியிருந்தாலும் பெரும்பாலும் எலும்பு தானே கூடிவிடும்.

சிகிச்சை எளிது: வலிக்கு மருந்து, கையைக் கழுத்திலிருந்து தாங்கும் ‘ஸ்லிங்’, இடையிடையே எக்ஸ்ரே. விரல்களையும் முழங்கையையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். தோளுக்கான பயிற்சியை வலி தணிந்தபின் மருத்துவர் சொற்படி தொடங்க வேண்டும். சிறுவர்களுக்கு 3 முதல் 6 வாரங்களிலும், பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களிலும் எலும்பு கூடும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது. புகைபிடித்தால் கூடுவது தாமதமாகும். முறிந்த இடத்தில் சிறு புடைப்பு தங்கிவிடலாம். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையில்லை. இரு தோள்களையும் பின்னிழுத்து எட்டு வடிவில் போடும் கட்டு ஸ்லிங்கைவிட மேலானதல்ல. அக்குளில் அழுத்தி வலியையும் மரத்துப்போதலையும் உண்டாக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் தேய்த்து உருவுவதும் இறுக்கிக் கட்டுவதும் முனைகளை மேலும் விலக்கக்கூடும்.

பெரியவர்களுக்கு முனைகள் முழுதும் விலகிய முறிவில்தான் கணக்கு மாறுகிறது. கனடாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஸ்லிங் மட்டும் போட்டவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு எலும்பு கூடவில்லை. அறுவை சிகிச்சையில் எலும்பின் மேல் தகடு வைத்தவர்களில் அப்படி ஆனவர்கள் மிகச் சிலரே. ஆனால் தகடு வைத்தால் கிருமித்தொற்று, மார்பின் மேற்பகுதியில் மரமரப்பு, தகட்டை எடுக்க இன்னொரு அறுவை என வேறு தொல்லைகள் வரலாம். ஸ்லிங்கில் கூடாத எலும்புக்குப் பின்னர் தகடு வைக்கவும் வழியுண்டு.

எலும்பு தோலைக் கிழித்தாலோ, தோல் வெளுத்து விம்மினாலோ, கை மரத்தாலோ குளிர்ந்தாலோ, மூச்சு திணறினாலோ காத்திருக்கக்கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

ஸ்லிங், தகடு ஆகிய இரு வழிகளின் நன்மை தீமைகளையும் செலவையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை. மாற்றுச் சிகிச்சைகளையும் விளக்கியே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். அந்த ஆவணங்களைக் கொண்டு வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறலாம். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டப்படி, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

கட்டணம் பெற்று அளித்த சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண் உண்டு. எலும்பு கோணலாகக் கூடியது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. என்ன சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்பதைக் காட்டுபவை எக்ஸ்ரே படமும் மருத்துவச் சீட்டும் ஒப்புதல் படிவமுமே.