கமிஷன் ஏஜெண்டும் கமிஷனிங் ஏஜெண்டும்



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் 'கமிஷன் ஏஜெண்ட்' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். வாழைக்குலையோ, தேங்காயோ, நிலமோ, எது கைமாறினாலும் நடுவில் நின்று இரு பக்கமும் பணம் வாங்குபவர். கட்டடத் துறையில் 'கமிஷனிங் ஏஜெண்ட்' என்று ஒருவர் உண்டு என ஊரில் ஒரு கல்யாண வீட்டில் நான் சொன்னபோது, மாமா ஒருவர், "அவருக்கு எத்தனை பெர்சண்டு மக்களே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் வேலை நேர் எதிரானது.

கட்டிய கப்பலைப் பரிசோதித்துப் பணியில் சேர்ப்பதைக் கமிஷனிங் என்பார்கள். அந்தச் சொல்தான் கட்டடத்துக்கும் வந்தது. குளிர்சாதனம், காற்றோட்டம், விளக்குகள், பம்புகள் யாவும் உரிமையாளர் கேட்டபடி இயங்குகின்றனவா என்று ஓட்டிப் பார்த்து, குறைகளைப் பட்டியலிட்டு, அறிக்கை தருவதே இவர் பணி. அறை குளிர்ந்திருக்கும், ஆனால் வெளிக்காற்று வரும் வழி மூடியே கிடக்கும். ஓட்டிப் பார்க்காமல் இது தெரியாது.

அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகத்தின் 'லீட்' சான்றிதழுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம். ஐதராபாத்தின் சி.ஐ.ஐ. சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இலேயே லீட் பிளாட்டினம் பெற்றது. 2004 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார்.

இந்தப் பணியை யார் செய்யலாம்? 2013-இல் வெளியான லீட் நான்காம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. இதே போன்ற இரண்டு கட்டடங்களிலாவது, வரைபடக் காலம் முதல் குடியேறிப் பத்து மாதம் வரை பணியாற்றிய அனுபவம் வேண்டும். அவர் உரிமையாளரின் தகுதியுள்ள ஊழியராகவோ, தனி ஆலோசகராகவோ இருக்கலாம். வடிவமைத்த அல்லது கட்டிய நிறுவனத்தின் ஊழியர் என்றால், அந்தக் கட்டடத்து வேலையில் பங்கில்லாதவராக இருக்க வேண்டும். 20,000 சதுர அடிக்குக் குறைந்த கட்டடத்துக்கு மட்டும் வேலைக் குழுவில் உள்ளவரே செய்யலாம். கூடுதல் மதிப்பெண் தரும் விரிவான பரிசோதனைக்கு விதி இன்னும் கடுமை: அந்த நிறுவனங்களின் ஊழியர் யாரும் கூடாது. எப்படியானாலும், அவர் தம் அறிக்கையை உரிமையாளரிடம் நேரடியாகத் தர வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் நமக்குப் பாடம். நம்மில் பலர் வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறோம். பணம் போகிறது, போட்டோ வருகிறது, பால் காய்ச்சுக்கு நான்கு நாள் லீவில் போகிறோம். இடவப்பாதி மழையில்தான் மாடி ஒழுகுவது தெரிகிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் சொந்தபந்தம் பிரியவில்லை. வீடு பாறசாலையில், கொத்தனார் களியக்காவிளைக்கு அப்பால், காண்டிராக்டர் அத்தை மகன். குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னால் உறவு கெடும். சொல்லாவிட்டால் வீடு கெடும்.

வீட்டுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் காண்டிராக்டரிடம் எந்தத் தொடர்பும் இல்லாத, விவரம் தெரிந்த ஒருவரை, ஓய்வுபெற்ற ஓவர்சியரையோ பொறியாளரையோ, நாமே சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். தளத்தில் ஓடு பதிக்குமுன் ஒரு நாள் முழுதும் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கட்டும். பூசுவதற்கு முன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கட்டும். மின் கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரையும் எர்த் இணைப்பையும் பார்க்கட்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை வரட்டும். அவர் அறிக்கை நம் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று வேலை தொடங்கும் முன்பே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தரும் சம்பளம், ஒழுகும் மாடியை உடைத்து மறுபடி போடும் செலவில் ஒரு சிறு பங்குதான். அத்தை மகனோடு பேச்சுவார்த்தையும் நிற்காது.