சீரியல் பார்த்தால் புத்தி வருமா?



"எப்பப் பார்த்தாலும் சீரியல்தானா? அதைப் பார்த்து என்ன புத்தி வரப்போகுது?" இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? ஆனால், மக்களுக்குப் புத்தி வரவேண்டும் என்பதற்காகவே அரசாங்கம் யோசித்து ஒளிபரப்பிய ஒரு சீரியல் நம் நாட்டில் இருந்தது. அதன் பெயர் 'ஹம் லோக்'. தமிழில் 'நாம்' என்று சொல்லலாம். 1984 ஜூலை 7-ஆம் தேதி தூர்தர்ஷனில் தொடங்கி, 1985 டிசம்பர் 17-ஆம் தேதி முடிந்தது. மொத்தம் 156 பகுதிகள். இந்தியாவின் முதல் நெடுந்தொடர் இதுதான். அது நினைத்தபடி புத்தி வந்ததா? வாங்க, பார்ப்போம்.

அன்றைய டி.வி.

அப்போது ரிமோட்டை அழுத்தி மாற்ற நூறு சேனல்கள் கிடையாது. தூர்தர்ஷன் ஒன்றுதான். 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த சமயத்தில்தான் வண்ண ஒளிபரப்பே நம் நாட்டுக்கு வந்தது. அதே ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியைக் காட்டும் 'தேசிய ஒளிபரப்பு' தொடங்கியது. தெருவில் ஒருவர் வீட்டில் டி.வி. இருந்தால் அக்கம்பக்கம் எல்லாம் அங்கேதான். ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடியில் ஒருவர், "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்துவார்! இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்த்ததால்தான் அந்தக் காலத் தொடர்களுக்கு அவ்வளவு பலம்.

விதை மெக்சிகோவில்!

மெக்சிகோ நாட்டில் மிகுவேல் சபீதோ என்பவர் 1970-களில் ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார். 1975-ல் முதியோர் கல்வியைப் பற்றி ஒரு தொடர் எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சேர்ந்து படிப்பதுதான் கதை. ஒரு பகுதியில் அவர்கள் இலவசப் பாடப்புத்தகம் வாங்கப் போவதைக் காட்டினார்கள். மறுநாளே அதே இடத்தில் உண்மையான மக்கள் ஆயிரக்கணக்கில் புத்தகம் வாங்க வந்துவிட்டார்கள்!

அவருடைய சூத்திரம் எளிமையானது. கதையில் மூன்று வகை ஆட்கள் இருக்க வேண்டும்.

1. நல்ல வழியில் போகிறவர். கடைசியில் அவருக்கு நன்மை கிடைக்கும்.
2. தவறான வழியில் போகிறவர். அவர் அதற்கான பலனை அனுபவிப்பார்.
3. இரண்டுக்கும் நடுவே தடுமாறி, மெல்ல மெல்லத் திருந்துகிறவர்.

மூன்றாவது ஆள்தான் முக்கியம். ஏனென்றால் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்தான். "நம்மள மாதிரியே இருக்காரே, அவரே மாறிட்டாரே" என்று தோன்றினால் நாமும் மாறுவோம். உபதேசம் செய்யாமலே பாடம் நடக்கும்.

அன்றைய மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வசந்த் சாத்தே மெக்சிகோ போய் இதைப் பார்த்துவிட்டு வந்தார். நம் நாட்டிலும் செய்யலாமே என்று நினைத்தார். மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுத, பி. குமார் வாசுதேவ் இயக்கினார். குடும்பக் கட்டுப்பாட்டை மக்களிடம் கொண்டுபோவதுதான் முதல் நோக்கம்.

குடும்பத்தில் யார் யார்?

வட இந்தியாவில் ஒரு கீழ் நடுத்தரக் குடும்பம். அப்பா பசேசர் ராம் குடிகாரர். அம்மா பகவந்தி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறவர். தாத்தா, பாட்டியும் கூடவே. வேலை கிடைக்காத மூத்த மகன் லல்லு. மூத்த மகள் பட்கி, சொந்தக் காலில் நிற்க விரும்புகிறவள். நடு மகள் மஜ்லிக்கு சினிமா ஆசை, அதனாலேயே ஏமாந்துபோகிறாள். கடைசி மகள் சுட்கிக்கு டாக்டர் கனவு. சின்ன மகன் நன்னேவுக்கோ கிரிக்கெட் கனவு. நம் தெருவிலேயே இவர்களைப் பார்க்கலாம் போல இருக்கிறதல்லவா? 'நாம்' என்று பெயர் வைத்தது சும்மாவா!

ஆரம்பத்தில் விழுந்த அடி

முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை. "நாடகம் போடுறீங்களா, பாடம் நடத்துறீங்களா?" என்ற கதைதான். ஜோஷி பாதையை மாற்றினார். பிரசாரத்தைக் குறைத்து, பெண்களின் நிலை, குடும்ப ஒற்றுமை, குடியின் கேடு, தேச ஒற்றுமை என்று கதையை விரித்தார். அப்புறம் பாருங்கள்! சராசரியாக 5 கோடிப் பேர் பார்த்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். (இந்தி என்பதால் தென்னிந்திய நகரங்களில் மட்டும் பார்த்தவர்கள் குறைவு.)

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பிரபல நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, அரை நிமிடம் போல அன்றைய கதையைப் பற்றிப் பேசுவார். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்கிற மாதிரி! அவருக்கும் தூர்தர்ஷனுக்கும் லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. தங்கள் மனதுக்குப் பிடித்த கல்யாணத்துக்கு அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி அவரிடமே கெஞ்சிய இளைஞர்களும் உண்டு. பட்கிக்கும் டாக்டர் அஸ்வினிக்கும் கல்யாணம் நடந்த பகுதி அன்று வட இந்தியாவில் பல கடைத்தெருக்களில் சீக்கிரமே கடையடைத்துவிட்டார்களாம்!

பகவந்தி என்ற புதிர்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பகவந்தியை எழுதியவர்கள் நினைத்தது என்ன? 'இப்படி வாய் திறக்காமல் எல்லாக் கொடுமையையும் தாங்கிக்கொண்டே இருந்தால் வாழ்க்கை இப்படித்தான் போகும். இப்படி இருக்காதீர்கள்!' என்று பெண்களுக்குச் சொல்ல நினைத்தார்கள்.

தொடர் முடிந்தபின் அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். வந்ததே அதிர்ச்சி! பகவந்தியைப் போலத்தான் வாழவேண்டும் என்று பலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! "எவ்வளவு பொறுமை! இவங்கதான் உத்தமி" என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். 'வேண்டாம்' என்று காட்டியதையே 'வேண்டும்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் அப்படி? பகவந்தி அழும்போது நமக்கு இரக்கம் வருகிறது. இரக்கம் வந்தவுடனே அவரை நல்லவர் என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. அதோடு, 'பொறுத்துப் போறவதான் நல்ல பொம்பளை' என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு, அரை நிமிடப் பேச்சு எந்த மூலைக்கு? நாம் ஏற்கெனவே நம்புவதைத்தான் கதையிலும் தேடிக் கண்டுபிடிக்கிறோம்.

சிரிக்க வைத்த தொடர்

அதே 1984-ல் 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற நகைச்சுவைத் தொடரும் வந்தது. நெடுந்தொடரில் இன்றைய பிரச்சினை அடுத்த பகுதிக்கும் தொடரும். நகைச்சுவைத் தொடரிலோ பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். அடுத்த வாரம் புதுக் குழப்பம். கணவன், மனைவி, மனைவியின் தம்பி, இவ்வளவுதான் வீடு. சதீஷ் ஷா மட்டும் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஆளாக வருவார். ஆள் மாறினால் சிரிப்பும் மாறும். நல்ல தந்திரம்!

துணுக்குகள்

* 'ஹம் லோக்' தொடருக்கு விளம்பரம் கொடுத்தது மேகி நூடுல்ஸ். தொடரோடு சேர்ந்து நூடுல்ஸும் வீடு வீடாகப் புகுந்தது! அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் தொடர்களுக்குப் பணம் போட வந்தன.
* 1986-ல் வந்த 'மால்குடி டேஸ்', சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகள். இயக்கியவர் சங்கர் நாக். கர்நாடகத்தின் ஆகும்பேயில் படமாக்கினார்கள்.
* 1985-ல் வந்த 'ரஜனி' தொடரின் நாயகி, அநியாயத்தைக் கண்டால் தட்டிக்கேட்கும் குடும்பத் தலைவி. பகவந்திக்கு நேர் எதிர்!

முடிவாக...

சீரியல் பார்த்தால் புத்தி வருமா? மெக்சிகோவில் வந்தது. இங்கே பாதி வந்தது, பாதி தலைகீழாகப் போனது. காரணம், கதையின் கடைசி வரியை எழுதுவது எழுத்தாளர் இல்லை, பார்க்கிற நாம்தான். இன்றைக்கும் எத்தனையோ தொடர்களில் அழுதுகொண்டே பொறுத்துப் போகும் அம்மாக்களும் மருமகள்களும் வருகிறார்கள். நம் வீட்டில் அம்மாவோ பாட்டியோ பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். "அந்தம்மா ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறாங்க? பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அசோக் குமார் செய்த வேலையை நாமே செய்யலாமே!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பகவந்தி நல்லவரா, ஏமாந்தவரா? எழுதி நம் சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள் நண்பர்களே!



- பத்தாம் வகுப்பு மாணவி